மயிலாப்பூரில் ஒரு மலாய்க் கவிதை மாலை

'அமைதிக்கும் ஒற்றுமைக்குமாக மலாய்க் கவிதைகள்: தமிழ் மொழிபெயர்ப்பு வாசிப்பு' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்ததைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குப் பெரிய ஆவல் ஒன்றும் எழவில்லை. ஒற்றுமை, நல்லிணக்கம் ஆகிய சொற்களைத் தலைப்பில் சுமந்த கூட்டங்கள் சென்னையில் எப்படி நடக்கும் என்பது, சபாக்களிலும் நூலக அரங்குகளிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பழகிய எவருக்கும் தெரியும்: குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, 'யாதும் ஊரே', நன்றியுரை. ஆயினும் லஸ் முனையிலிருந்து நடந்து போகும் தூரம், 200 ரூபாய் கட்டணம், மலாய் மூலத்தையும் செவியால் கேட்கலாம் என்ற அறிவிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து என்னைக் கிளப்பிவிட்டன. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அரங்கின் பெயரையோ நடத்தியவர்களின் பெயரையோ இங்கே எழுதவில்லை.

ஆறு மணி என்று போட்டிருந்தார்கள். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குத் தொடங்கிவிட்டார்கள். விளக்கேற்றவில்லை, வணக்கம்கூடச் சொல்லவில்லை. மலேசியாவிலிருந்து வந்து இங்கே மேற்படிப்புப் படிக்கும் தமிழ்ப்பெண் ஒருவர் ஒலிவாங்கியின் முன் வந்து நின்று நான்கு வரிகளை மலாயில் சொன்னார். 'புவா செம்பெடாக் டி லுவார் பாகார்' என்று தொடங்கும் அந்தப் பழைய நாட்டார் பாடலை மலாய் பேசும் வீடுகளில் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். அவர் முடித்ததும், நாடக மேடையில் பழகிய குரலுடைய நடுவயதுக்காரர் ஒருவர் தமிழில் தொடர்ந்தார்:

வேலிக்கு அப்பால் பலாப்பழம்,
துறட்டி கொண்டு பறித்துத் தாரும்;
இப்போதுதான் கற்கும் பிள்ளை நான்,
தப்பிருந்தால் எடுத்துக் கூறும்.

செம்பெடாக் என்பது நம் பலாவின் இனத்தைச் சேர்ந்த மரம். பழம் உருவில் சிறியது, மணத்தில் சிறியதல்ல. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொண்டு கம்பர் பாடிய அவையடக்கத்தை மனப்பாடம் செய்து வளர்ந்த நமக்கு, பலாப்பழத்தையும் துறட்டியையும் காட்டி ஒருவர் அவையடக்கம் சொல்வது அந்நியமாகப் படவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் 'அடடே' என்று சற்று உரக்கவே சொன்னார். வரவேற்புரைக்குப் பதிலாக இந்த நான்கு வரிகளை வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நிகழ்ச்சி அமைப்பு தெரிந்திருக்கிறது.

இந்த நான்கடிப் பாடலுக்குப் பந்துன் என்று பெயர். முதல் இரண்டு அடிகளைப் 'பெம்பாயாங்' என்கிறார்கள்; நிழல் விழச் செய்வது என்று பொருள் கொள்ளலாம். அங்கே ஒரு மரமோ தீவோ பறவையோ வரும். பின் இரண்டு அடிகள் 'மக்சூட்', அதாவது சொல்ல வந்த செய்தி. முதலடியின் ஈறு மூன்றாமடியோடும், இரண்டாமடியின் ஈறு நான்காமடியோடும் ஒத்து ஒலிக்கும். இந்தோனேசியாவும் மலேசியாவும் சேர்ந்து விண்ணப்பித்து 2020 இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் பந்துன் இடம்பெற்றது. எல்லை, உணவு, ஆடை, பாட்டு என்று எதை எடுத்தாலும் யாருடையது என்று பூசலிட்டுக்கொள்ளக் கூடிய இரண்டு நாடுகள் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டன என்ற செய்தியை, ஒற்றுமை பற்றிய மாலையில் ஒருவராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். கையேட்டில் ஒரு வரியாக மட்டும் இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று தவித்திருக்க வேண்டிய இடம் இதுதான். மலாய்க்கு இயைபு, அதாவது அடியின் கடைசி ஒலி, உயிர்நாடி. தமிழ்ச் செவிக்கோ அடி தொடங்கும் இடத்தில் எதுகை விழுந்தால்தான் பாட்டாகக் கேட்கும். தமிழிலும் கடைசிச் சொல்லில் ஒலி ஒத்துவரச் செய்தால் பல வேளைகளில் திரைப்பாட்டுப் போலாகிவிடும். இந்தக் குழு எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 'பூலாவ் பாண்டான் ஜாவு கெ தெங்ஙா' என்று தொடங்கும் புகழ்பெற்ற பந்துனை இப்படிக் கொண்டுவந்திருந்தார்கள்:

பாண்டான் தீவு தொலைகடலில்,
டாயிக் மலைக்கு முடி மூன்று;
மாண்ட உடலை மண் உண்ணும்,
ஓயாது வாழும் நற்பண்பு.

பாண்டானும் மாண்டவும் எதுகை. டாயிக்கும் ஓயாதும், இலக்கணக்காரர் சற்றே கண்ணை மூடிக்கொண்டால், வருக்க எதுகை (ஒரே மெய்யின் வரிசை எழுத்துகள் ஒத்து வருவது). மலாயில் ஈற்றில் ஒன்றுவிட்டு ஒன்று வரும் ஒலியொப்புமையைத் தமிழில் முதலுக்கு மாற்றி, அதே ஒன்றுவிட்டு ஒன்று என்ற முறையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மூலத்தின் எலும்பு அப்படியே இருக்க, உடல் தமிழாக இருக்கிறது. மூலத்தில் 'நற்பண்பு' என்ற இடத்தில் வருவது 'புடி' என்ற சொல். நம் புத்தி என்ற சொல்லுக்கும் அதற்கும் ஒரே வடமொழி வேர். ஆனால் மலாயில் அது அறிவைக் குறிப்பதோடு நிற்காமல், பிறருக்குச் செய்த உதவி, நன்றியுணர்வு, நடந்துகொள்ளும் விதம் எல்லாவற்றையும் தனக்குள் இழுத்துக்கொண்டுவிட்டது. 'புத்தி கெட்டவன்' என்று நாம் சொல்வதற்கும் அவர்கள் 'புடி இல்லாதவன்' என்று சொல்வதற்கும் இடையில் ஒரு கடல் இருக்கிறது.

பெம்பாயாங் அடிகளுக்கும் பின்னடிகளுக்கும் தொடர்பு உண்டா, வெறும் ஒலிக்காகவா என்ற கேள்வி வாசிப்புக்குப் பின் எழுந்தது. சில பந்துன்களில் தொடர்பு ஒலியோடு நின்றுவிடும். சிலவற்றில் நம் சங்கப் பாடல்களின் மறைபொருளான உள்ளுறை போல அடியில் ஓடும். டாயிக் மலை இந்தோனேசியாவின் ரியாவ் பகுதியில் லிங்கா தீவில் இன்றும் மூன்று முடியோடு தெரிகிற மலை. தொலைவிலிருந்து வரும் மாலுமிக்குத் தீவு மறைந்தாலும் மலை முடி தெரியும். உடல் மறைந்தாலும் செய்த நன்மை தெரியும். இதை யாரும் விளக்கவில்லை, விளக்காததால்தான் பிடித்தது.

அடுத்து வந்தது காதல் பந்துன். அங்கே ஒரு விபத்து நேர்ந்தது, இனிய விபத்து. 'அட்டை எங்கிருந்து வரும்? வயலை விட்டு ஆற்றில் இறங்கும்' என்று தமிழ்க் குரல் கணீரென்று சொன்னதும், பின்வரிசைச் சிறுவன் ஒருவன், "ஆதார் அட்டையாம்மா?" என்று கேட்டான். அரங்கம் சிரித்தது. வாசித்தவரும் சிரித்துவிட்டு, "அட்டைப்பூச்சி, தம்பி" என்று திருத்தி, முதலிலிருந்து சொன்னார்: காதல் எங்கிருந்து வரும்? கண்ணை விட்டு நெஞ்சில் இறங்கும். மூலத்தில் 'லிந்தா' என்ற அட்டையும் 'சிந்தா' என்ற காதலும் ஒலியில் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. இரண்டும் பிடித்தால் விடாதவை என்பதால் பொருளிலும் கவ்விக்கொள்கின்றன. தமிழில் அந்த ஒலி போய்விட்டது, பொருள் மட்டும் தங்கியது.

ஆனால் 'நெஞ்சு' என்று பெயர்த்ததில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. மூலத்தில் உள்ள 'ஹாத்தி' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் கல்லீரல். மலாய்க்காரர் அன்பையும் கவலையையும் கோபத்தையும் ஈரலில் வைத்திருக்கிறார்கள். நாமும் அச்சம் வந்தால் 'ஈரக்குலை நடுங்குகிறது' என்கிறோமே, அந்த இடத்தைப் பயன்படுத்தியிருந்தால் இரண்டு மொழிக்காரரும் ஒரே உறுப்பில் சந்தித்திருப்பார்கள். காதல் பாட்டில் ஈரக்குலை பொருந்துமா என்று கேட்டால், பொருந்தாது என்றுதான் நானும் சொல்வேன். கையேட்டில் ஓர் அடிக்குறிப்பாகவாவது போட்டிருக்கலாம் என்பதே என் முறையீடு.

முதல் பகுதியின் நடுவில் மலாய் அறிஞர் ராஜா அலி ஹாஜியின் குரிண்டாம் வந்தது. ரியாவ் பகுதியின் பெஞெங்காத் தீவில் 1847 இல் எழுதப்பட்ட பன்னிரண்டு பிரிவுகள் கொண்ட அறநூல் அது; ஈரடிப் பாக்களால் ஆனது. குரிண்டாம் என்ற சொல் தமிழ் வழியாகச் சென்ற 'கிரந்தம்' என்பதன் திரிபு என்று மலாய் இலக்கியப் பாடநூல்கள் சொல்கின்றன. நாவைக் காத்துக்கொண்டால் அதனால் பயன் கிட்டும் என்று பொருள்படும் பாவை மலாயில் கேட்டபோது, 'லிடா' (நா), 'ஃபாயெடா' (பயன்) என்ற இரண்டு ஈற்றுச் சொற்களும் தனியே காதில் தங்கின; பின்னதை உருது பேசும் திருவல்லிக்கேணிக்காரர் எவரும் மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்துகொள்வார். உடனே நிகழ்ச்சித் தொகுப்பாளர் 'யாகாவா ராயினும் நாகாக்க' என்று 127 ஆவது குறளை எடுத்துவிட்டார். எடுத்ததில் தவறில்லை, கைதட்டும் கிடைத்தது. ஆனால் இரண்டும் ஒன்றே என்று அவர் முடித்தது அவசரம். வள்ளுவர் காக்காவிட்டால் வரும் துன்பத்தைச் சொல்கிறார். ராஜா அலி ஹாஜி காத்தால் வரும் ஆதாயத்தைச் சொல்கிறார். ஒன்று எச்சரிக்கை, மற்றது உறுதிமொழி. ஒற்றுமையைக் காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில் வேறுபாட்டை அழித்துவிட்டால், பிறகு இரண்டு நூல்கள் எதற்கு?

தொகுப்பாளரைப் பற்றிய என் குறை இதோடு நிற்கவில்லை. பல கவிதைகளுக்கு முன்பும் 'இக்கவிதை நமக்கு உணர்த்துவது என்னவென்றால்' என்று தொடங்கிச் சாரத்தைப் பிழிந்து கொடுத்துவிட்டே வாசிப்பவரை அழைத்தார். விடை தெரிந்த விடுகதையைக் கேட்பது போல் இருந்தது. பந்துன் என்ற வடிவமே முதலில் நிழலைக் காட்டிப் பிறகு பொருளைக் காட்டுவது. பொருளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நிழலுக்கு அங்கே வேலை இல்லை.

அந்தத் தொந்தரவையும் மீறி நிமிர்ந்து நின்ற கவிதை, உஸ்மான் அவாங்கின் பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளையைப் பற்றியது. ஜொகூரில் 1929 இல் பிறந்து 2001 இல் மறைந்த அவர், 1983 இல் மலேசியாவின் தேசிய இலக்கிய விருதைப் பெற்றவர். கவிதையில் நடப்பது மிகச் சிறிய காரியம். வேலியோரத்தில் ஒரு சீனக் குழந்தை நிற்கிறது, கண்ணாலேயே இஸ்கண்டார் என்ற மலாய்ப் பிள்ளையை விளையாடக் கூப்பிடுகிறது, இருவரும் ஒரு பொம்மைத் துப்பாக்கிக்காகச் சண்டையிடுகிறார்கள், பிறகு சிரிக்கிறார்கள். அந்தச் சீனக் குழந்தை பிறந்ததும் இதே மண்ணில்தான் என்கிறார் கவிஞர். எழுதப்பட்டது 1960களின் தொடக்கத்தில். அதே பத்தாண்டின் முடிவில், 1969 மே 13 அன்று, கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. அந்தத் தேதியை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கும்போது பொம்மைத் துப்பாக்கி பொம்மையாகத் தெரிவதில்லை.

கையேட்டில் இதன் தலைப்பு 'அண்டை வீட்டுச் சீனச் சிறார்' என்று இருந்தது. வாசித்தவர் அதை அப்படியே படிக்கவில்லை. ஒரு கணம் தாளைப் பார்த்தார், பிறகு 'பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளை' என்று மாற்றிச் சொன்னார். அண்டை என்றால் நாட்டுக்கும் நதிநீருக்கும் பயன்படும் சொல்லாகிவிட்டது; பக்கத்து வீடு என்றால்தான் தயிருக்கு உறை மோர் வாங்கப் போகும் வீடு நினைவுக்கு வரும். ஒரே ஒரு சொல் மாற்றத்தால் கவிதை தூதரக அறையிலிருந்து மந்தைவெளிக் குடியிருப்பின் மாடிப்படிக்கு வந்து சேர்ந்தது. 'பாகார்' என்ற மலாய்ச் சொல் அன்று மாலை இரண்டாம் முறையாக ஒலித்ததையும் கவனித்தேன்: தொடக்கப் பந்துனில் பழத்துக்கும் பிள்ளைக்கும் இடையில் நின்ற அதே வேலி, இங்கே இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் நின்றது. இந்த வரிசையைத் திட்டமிட்டு அமைத்திருந்தால் மிகச் சிறப்பு. தற்செயல் என்றாலும் குறைவில்லை.

பின்னணிக்கு ஒரே ஒரு கஞ்சிரா. மலாய்த் திருமண ஊர்வலங்களில் முழங்கும் கொம்பாங்கும் கஞ்சிராவைப் போல வட்டச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டியதுதான். சென்னையில் கொம்பாங் தேடி அலையாமல் கிடைத்ததைக் கொண்டு சமாளித்தது நல்ல முடிவு. வாசிப்பவர் மூச்சு விடும் இடத்தில் மட்டும் கஞ்சிராக்காரர் தட்டினார், தனி ஆவர்த்தனத்துக்கு ஆசைப்படவில்லை.

இடைவேளையில் காப்பி கொடுத்தார்கள், கட்டணத்துக்குள் அடக்கம். டிகாக்ஷன் சற்று நீர்த்திருந்தாலும் சூடு இருந்தது. சுவரில் மலாய்ச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: காப்பால், கெடாய், பெத்தி, தீராய், கோலாம். கப்பல், கடை, பெட்டி, திரை, குளம் என்று ஆளுக்கு ஆள் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'நெலாயான்' என்ற சொல்லின் முன் மட்டும் கூட்டம் திகைத்து நின்றது. மீனவர் என்று பொருள். சங்கப் பாடல்களில் வரும் நுளையரை நினைவுகூர்ந்தவர் ஒரே ஒருவர், எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவரைச் சுற்றி ஒரு சிறு வகுப்பே நடந்தது. மேடையில் நடந்த எதையும்விட அந்த ஐந்து நிமிடத்தில் மக்கள் ஒருவரோடொருவர் அதிகம் பேசினார்கள்.

இடைவேளைக்குப் பின்தான் சோதனை. பொன்னாடைகள் வந்தன, விருந்தினர் வந்தனர், உரைகள் வந்தன. நான் கைக்கடிகாரத்தில் பார்த்தேன்: 38 நிமிடங்கள். மூன்று பேர் 'யாதும் ஊரே' சொன்னார்கள். ஒருவர் இரண்டாமடி வரை போனார். கவிதை எப்படி ஒற்றுமையை வளர்க்கும் என்பது பற்றி எல்லோரும் பேசினார்கள், கவிதைக்கான நேரத்தில். எட்டரைக்கு அரங்கை ஒப்படைக்க வேண்டும் என்பதால், மீதமிருந்த ஐந்து கவிதைகளுக்கு மலாய் மூலத்தை விட்டுவிட்டுத் தமிழை மட்டும் வாசிப்பதாக அறிவித்தார்கள்.

அந்த முடிவின் நட்டம் சிங்கப்பூர்க் கவிஞர் மசூரியின் சோற்றைப் பற்றிய கவிதையில் தெரிந்தது. நான் வாயில் இடும் இந்தச் சோறு ஒரு காலத்தில் நெற்கதிராக இருந்தது, காற்றில் அசைந்தது, மணி பிடித்துத் தலை குனிந்தது என்று தொடங்கி, அதன் பின்னே இருக்கும் உழைப்பை நோக்கிச் செல்லும் கவிதை. மூலத்தில் ஒரே ஈற்றொலி அடுத்தடுத்து விழுந்து கதிர்கள் அசைவது போலவே இருக்கும். மலாய் ஒலிக்காத நிலையில் தமிழ் வாசிப்பு, செய்தி அறிக்கை படிப்பது போல ஓடியது. நல்ல வேளையாக, தலை குனிந்த கதிர் வந்ததும் பின்னாலிருந்த ஆசிரியர் தமக்குத்தாமே சொல்வதுபோல், 'கல்விசேர் மாந்தரின் இறைஞ்சிக் காய்த்தவே' என்றார். திருத்தக்க தேவர் சீவக சிந்தாமணியில் கதிர் முதலில் கீழோர் செல்வம் போலத் தலை நிமிர்ந்து, பிறகு கற்றவர் போல வணங்கி முற்றியதாகப் பாடுகிறார். நெல் முற்ற முற்றத் தலை குனியும் என்பது மலாய்க்காரர் பிள்ளைகளுக்குச் சொல்லும் பழமொழியும்கூட. தொகுப்பாளர் 38 நிமிட உரைகளில் தேடிய பாலம், ஒலிவாங்கி இல்லாத நாற்காலியில் கிடைத்தது.

பட்டியலில் விடுபட்டவர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலாக்காவில் பிறந்த மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா, தமிழ்க் கலப்புள்ள குடும்பத்தவர். வணிகக் கணக்கெல்லாம் தமிழில் நடந்ததால் சிறுவயதில் தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதை 1849 இல் அச்சான தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். சிங்கப்பூரில் பற்றிய தீயைப் பற்றி அவர் ஷாயிர் என்னும் மலாய்க் கதைப்பாட்டு வடிவில் பாடிய பாடல் இருக்கிறது. சென்னையில் நடக்கும் மலாய்க் கவிதை மாலையில் அவர் இல்லாதது, கல்யாணத்துக்குத் தாய்மாமனைக் கூப்பிட மறந்தது போன்றது.

வசதிகள் பற்றிச் சுருக்கமாக: ஏறத்தாழ 90 இருக்கைகள், முதல் மூன்று வரிசைகள் விருந்தினருக்கு. ஒலியமைப்பு நன்று, ஒரே ஒரு முறை கூவியது. இடப்பக்கம் உட்கார வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலில் மலாயின் மெல்லிய ஈற்றொலிகள் கரைந்துவிடுகின்றன. கையேடு 60 ரூபாய், தனியே வாங்க வேண்டும். தமிழ் மட்டும்தான் இருக்கிறது, எதிர்ப்பக்கத்தில் மலாய் வரிகளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருந்தால் விலையை இரட்டிப்பாக்கினாலும் கொடுத்திருப்பேன். எழுத்துப் பிழைகள் பதினொன்று எண்ணினேன், அவற்றில் ஒன்று அட்டையிலேயே.

எட்டு மணி இருபத்தெட்டுக்கு நன்றியுரை முடிந்தது. யாரோ, "அந்தத் தீவுப் பாட்டை இன்னொரு தரம், அம்மா" என்று கேட்டார்கள். ஒலிவாங்கியை அணைத்துவிட்டிருந்தார்கள், அந்தப் பெண் மேடை விளிம்புக்கு வந்து பாண்டான் தீவை மலாயில் மட்டும் சொன்னார். இந்த முறை தமிழ் வாசிப்பவர் குறுக்கிடவில்லை, தொகுப்பாளரும் எதையும் உணர்த்தவில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நடத்தப் போவதாகவும், அடுத்த மாலை முழுவதும் பந்துன்களே என்றும் வாசலில் சொன்னார்கள். 200 ரூபாய்க்கு முதல் பகுதி மட்டுமே போதும், தகும். இரண்டாம் பகுதியில் பொன்னாடை உண்டா என்று கேட்டேன். "பார்க்கலாம், ஐயா" என்றார் சீட்டுக் கொடுத்த இளைஞர். சீட்டு வாங்கிவிட்டேன், வலப்பக்க ஓர இருக்கை.